கம்ப்யூட்டரைப் போட்டால் நெட் போகிறது

அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாசகர் ஒருவர் வீட்டுக்கு வாங்கி வந்திருக்கிறார். படமும் பாட்டும் சேர்த்து வைக்கத்தான், வேறு வேலை அதற்கு இல்லை. ஆனால் அதை ஆன் செய்த ஒரு நிமிடத்துக்குள் வீட்டில் எல்லார் போனிலும் நெட் நின்றுவிடுகிறதாம். வைஃபை கோடுகள் மட்டும் முழுசாக நிற்கின்றன. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில சமயம் வருகிறது, சில சமயம் வருவதில்லை. கம்ப்யூட்டரை நிறுத்தினால் தானாகவே சரியாகிவிடுகிறது. பார்க்க வந்த ஆள், "சார், இந்த மெஷின் உங்க ரவுட்டருக்கு ராசியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இந்த மாதிரிப் புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ரவுட்டரின் விளக்குகளை. எல்லா விளக்கும் ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தால் அது மின்சாரச் சங்கதி. கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கிகள் காலியாக இருந்து திடீரென்று நிரம்பும்போது, கண்சிமிட்டும் நேரத்துக்குப் பல ஆம்பியர் இழுக்கும். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், அதுவும் லூசான பிளக்கில், பழசாகிப்போன 12 வோல்ட் அடாப்டரோடு ரவுட்டர் மாட்டியிருந்தால் அந்த நொடியில் அது ரீஸ்டார்ட் ஆகிவிடும். வேறு பிளக்கில் மாட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

விளக்குகள் அணையவில்லை, இணைய விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது, உங்கள் இணைப்பும் செம்புக் கம்பியில் வருகிறது என்றால் மின் இரைச்சலைச் சந்தேகிக்கலாம். டெலிபோன் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பு, வகையைப் பொறுத்து, சுமார் 1.1 அல்லது 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளில் பேசுகிறது. பழுதான மின்சாதனம் எழுப்பும் இரைச்சல் அதே இடத்தில் வந்து விழும். வேல்ஸில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் தினமும் காலை 7 மணிக்கு பிராட்பேண்ட் படுத்துவிடும். ஒன்றரை வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள், கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில், 2020இல், பொறியாளர்கள் அலைவரிசை அளக்கும் கருவியோடு தெருத்தெருவாக நடந்து பிடித்தது ஒரு வீட்டின் பழைய டிவியை. அந்த வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் அதைப் போடுவது வழக்கம், அவ்வளவுதான். நம் வீடுகளுக்கு இப்போது பெரும்பாலும் ஃபைபர் வருகிறது. கண்ணாடி இழைக்கு இந்த நோய் கிடையாது.

இன்னொன்று யூஎஸ்பி 3. அதன் கேபிளிலும் ஹார்டு டிஸ்கிலும் இருந்து கசியும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கை போட்டது. டிஸ்கை ரவுட்டரிலிருந்து தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

நம் வாசகர் வீட்டில் இது எதுவும் இல்லை. விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிகின்றன. வைஃபை திடமாக இருக்கிறது. நெட் மட்டும் இல்லை. இந்தக் கோளாறு எனக்கு ரொம்பப் பிடித்தமானது, ஏனென்றால் இதில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை.

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு முகவரி உண்டு. ஒன்று ஐபி முகவரி, 192.168.1.5 மாதிரி, மாறக்கூடியது. மற்றது மேக் முகவரி, பொதுவாகத் தொழிற்சாலையிலேயே பதித்து வருவது, 48 பிட் நீளம். உங்கள் போன் வெளியுலகத்துக்கு எதை அனுப்பினாலும் அதை ரவுட்டரிடம் கொடுத்தாக வேண்டும். ரவுட்டரின் ஐபி 192.168.1.1 என்று போனுக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்குள் தகவல் பொட்டலம் போய்ச் சேர மேக் முகவரிதான் வேண்டும். அதைக் கண்டுபிடிக்கப் போன் செய்வது, புதுத்தெருவில் நின்றுகொண்டு "இங்கே மளிகைக்கடை அண்ணாச்சி வீடு எது?" என்று சத்தமாகக் கேட்பதுதான். "192.168.1.1 யாரு?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு கூவல். "நான்தான், என் மேக் இது" என்று யார் பதில் சொன்னாலும் போன் அதைக் குறித்துவைத்துக்கொள்ளும். அடையாளச் சான்று எதுவும் கேட்காது.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஏஆர்பி. 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் என்பவர் எழுதிய ஆர்எஃப்சி 826 என்ற சிறிய ஆவணத்தில் இது இருக்கிறது. இணையம் இயங்கும் முறைகளை எழுதிவைக்கும் ஆவண வரிசைதான் ஆர்எஃப்சி. இன்றைக்கும் உங்கள் வீட்டில் ஓடுவது அதுதான். அதிலுள்ள செயல்முறையின் வரிசையைக் கவனித்துப் படித்தால் ஒரு சுவாரசியம் தட்டுப்படும். செய்தி ஒன்று வந்தால், அனுப்பியவரின் ஐபி ஏற்கெனவே என் குறிப்பில் இருக்கிறதா என்றுதான் கருவி முதலில் பார்க்க வேண்டும். இருந்தால், அவர் சொல்லும் புது மேக்கை எழுதிக்கொள்ள வேண்டும். வந்தது கேள்வியா பதிலா என்பதை அதற்கெல்லாம் பிறகு பார்த்தால் போதும். "இப்போதுதான் அதைப் பார்" என்று அந்த இடத்தில் இரண்டு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார் பிளம்மர். அதாவது, ஒருவர் வேறு யாரையோ தேடி ஒரு கேள்வி கேட்டாலே போதும், கேட்டவரின் முகவரி எல்லார் குறிப்பிலும் திருத்தப்பட்டுவிடும். ஒரு கூவலில் இரண்டு வேலை. ஆய்வகத்தில் தெரிந்தவர்கள் நாலு பேர் ஒரே கேபிளில் பேசிக்கொள்ளும் காலத்துக்கு அழகான சிக்கனம்.

இனி அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு வருவோம். அலுவலகத்தில் அது சர்வராக இருந்திருக்கிறது. அப்போது யாரோ அதற்குக் கையால் ஒரு நிலையான ஐபி கொடுத்திருக்கிறார்கள்: 192.168.1.1. வீட்டு ரவுட்டரின் எண்ணும் அதேதான், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே நிறைய ரவுட்டர்களில் இருப்பது அது. கம்ப்யூட்டர் விழித்ததும் தன் பழைய அலுவலகத்தின் பிரின்டரையோ வேறு எதையோ தேடி ஒரு கூவல் விடுகிறது. கூவலில் "கேட்பவர்: 192.168.1.1" என்று இருக்கிறது. வீட்டிலுள்ள போன்கள் எல்லாம் பணிவோடு தங்கள் குறிப்பைத் திருத்திக்கொள்கின்றன.

அதற்கப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. நீங்கள் யூடியூப் திறக்கிறீர்கள். போனின் பொட்டலம் வைஃபை வழியாக ரவுட்டரின் கைக்கே போகிறது. ரவுட்டர் மேலே எழுதியிருக்கும் மேக்கைப் பார்க்கிறது. தன்னுடையது இல்லை. அடுத்தவர் பொட்டலத்தைப் பிரிப்பது அதன் வழக்கமல்ல. அந்த மேக்குக்குரிய கம்ப்யூட்டரின் கம்பி எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்று பார்த்து, தனக்கு வர வேண்டிய பொட்டலத்தைத் தானே கம்ப்யூட்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது! கம்ப்யூட்டர் பிரித்துப் பார்த்து, யூடியூபுக்குப் போக வேண்டியது நமக்கு எதற்கு என்று சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. அடுத்தவர் பொட்டலத்தை முன்னே அனுப்பும் வேலையை யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தால் நெட் நிற்காது, ஆனால் உங்கள் போக்குவரத்து அந்தக் கம்ப்யூட்டர் வழியாகப் போகும். ஒட்டுக்கேட்பவர்கள் வேண்டுமென்றே செய்யும் வேலை அதுதான்.

போன்கள் இந்தக் குறிப்பைக் கேள்வியில்லாமல் நம்புவது சராசரியாக அரை நிமிடம். பிறகு சரிபார்க்கும். யாரிடம்? குறிப்பில் இருக்கும் அதே மேக்கிடம். அதுவும் "ஆமாம், நான்தான்" என்று சொல்லிவிடும், பொய்யுமில்லை.

ராசிக்காரர் விஷயம் இங்கேதான் விளங்குகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் போன்கள் புதிதாகக் கூவுகின்றன, இரண்டு பேரும் பதில் சொல்கிறார்கள், எது நிலைக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். அதனால்தான் சில சமயம் வருகிறது, சில சமயம் இல்லை. அண்ணன் போனில் வருகிறது, தங்கை போனில் இல்லை. பாதி நேரம் பலிக்கிற பரிகாரம் போல உண்மையை மறைப்பது வேறில்லை. ரவுட்டருக்கு ஆயுத பூஜையில் சந்தனம் வைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. காசு வாங்கிக்கொண்டு வந்தவர் காரணம் தேடாமல் ராசி என்பதுதான் பொறுக்கவில்லை.

இதற்கு மருந்தும் எழுதப்பட்டிருக்கிறது. 2008இல் ஸ்டூவர்ட் செஷயர் எழுதிய ஆர்எஃப்சி 5227இன்படி, கருவி ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும் முன் "இந்த எண்ணில் யாராவது இருக்கிறீர்களா?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். கேட்கும்போது தன் ஐபி இருக்க வேண்டிய இடத்தில் 0.0.0.0 என்று போட வேண்டும், யார் குறிப்பும் கெடாமல் இருக்க. இன்றைய விண்டோஸ் இப்படி விசாரித்துவிட்டுத்தான் உட்காருகிறது. நம் வாசகரின் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் தானாக விசாரிப்பதில்லை, அதற்குத் தனியாக ஒரு நிரல் வேண்டும்.

இந்த ஆர்எஃப்சி ஆவணங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம், முதல் ஆவணம் வந்த 1969 முதலானவை அத்தனையும். ஆய்விதழ்களுக்கு மூன்று வருடச் சந்தாவாக 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது நம் அரசு. அரசுக் கல்லூரிகளுக்கு நல்லதுதான், ஆனால் அந்த வாசலுக்கு வெளியே நிற்கும் ஆர்வலருக்கு அதில் ஒரு பக்கமும் இல்லை. இணையத்தைக் கட்டியவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்.

சரி, உறுதிசெய்வது எப்படி? ஒரு லேப்டாப்பில் கட்டளைத் திரையைத் திறந்து ஏஆர்பி என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு, அதை ஒட்டி ஏ. கம்ப்யூட்டரைப் போடும் முன் ஒருமுறை, போட்டு நெட் நின்ற பின் ஒருமுறை. 192.168.1.1க்கு எதிரே இருக்கும் மேக் மாறியிருந்தால் ஆள் பிடிபட்டாயிற்று. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிட வேண்டாம். வைஃபைக்கும் கம்பிக்கும் கடைசி இலக்கம் வேறாக இருப்பது சகஜம், குழப்பும்.

கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்பில் கையால் எழுதிய ஐபியை எடுத்துவிட்டு, ரவுட்டர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும்படி மாற்றினால் முடிந்தது. பாட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறாத எண் வேண்டுமென்றால் அதன் மேக்கை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பதிந்து ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றை இரண்டாவதாக மாட்டியவர்களும் அதன் எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் 192.168.1.1 ஆகவே இருக்கக்கூடும்.