11 தளங்கள், ஒரே பிறந்தநாள்: ஒரு வானொலித் தொகுப்பாளரின் வாழ்க்கைக் குறிப்பைச் சரிபார்த்த கதை

வாழ்க்கைக் குறிப்புகளைச் சரிபார்ப்பது என் தொழில். ஒரு குறிப்பு வெளியாவதற்கு முன், அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் தேதியும் உறவும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்த்து, ஆதாரம் கிடைக்காதவற்றை நீக்கச் சொல்ல வேண்டும். நடிகர்கள், அரசியல்வாதிகள், விளையாட்டு வீரர்கள் ஆகியோரின் குறிப்புகளைவிட வானொலித் தொகுப்பாளர்களின் குறிப்புகளே என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்கின்றன. சில காலத்துக்கு முன் என்னிடம் வந்த அப்படிப்பட்ட ஒரு குறிப்பில் பிறந்த தேதி, மனைவியின் பெயர், இரண்டு பிள்ளைகளின் பெயர்கள், படித்த கல்லூரி என எல்லாம் நிறைவாக இருந்தன. பிறந்த தேதியை இணையத்தில் தேடினேன். நாள், மாதம், ஆண்டு எதுவும் பிசகாமல் 11 தளங்கள் ஒரே தேதியைத் தந்தன. இந்த வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர் அத்துடன் திருப்தியடைந்து அடுத்த வரிக்குப் போயிருப்பார். தொடக்க காலத்தில் நானும் அப்படிப் போயிருக்கிறேன்.

அந்த 11 தளங்களையும், தேதி எப்போது முதலில் அவற்றில் இடம்பெற்றது என்ற வரிசையில் அடுக்கிப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. அவற்றுள் மூத்தது யாரும் திருத்தக்கூடிய ஒரு கலைக்களஞ்சியப் பக்கம். யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் அதன் பக்க வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டினால், பதிவு செய்யாத பயனர் ஒருவர் எந்த மேற்கோளும் தராமல் ஒரு நள்ளிரவில் அந்தத் தேதியைச் சேர்த்திருப்பது தெரிந்தது. மற்ற 10 தளங்களின் பழைய வடிவங்களை இணைய ஆவணக் காப்பகத்தில் தேடியபோது, அந்த நள்ளிரவுக்கு முன்பு ஒன்றில்கூட அந்தத் தேதி இல்லை. போதாக்குறைக்கு, அதே பயனர் கல்லூரியின் பெயரில் செய்திருந்த எழுத்துப்பிழையும் 10 தளங்களில் 7இல் அப்படியே இருந்தது. எங்கள் தொழிலில் இத்தகைய எழுத்துப்பிழையைக் கைரேகை போலக் கருதுவோம். சரியான தகவலைப் பலர் தனித்தனியே கண்டறிந்து எழுத முடியும். ஒரே பிழையைப் பலர் தனித்தனியே கண்டறிய வாய்ப்பில்லை. ஆக, என் முன்னே இருந்தவர்கள் 11 சாட்சிகள் அல்லர், ஒரே சாட்சி. அந்தச் சாட்சிக்கும் முகவரி இல்லை.

இந்தச் சுழற்சி எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு 2009 பிப்ரவரியில் ஜெர்மனியில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. கார்ல் தியோடர் சூ குட்டன்பெர்க் பொருளாதார அமைச்சராகப் போகிறார் என்று தெரிந்ததும், அவருடைய நீண்ட முழுப்பெயருக்கு நடுவே 'வில்ஹெல்ம்' என்ற ஒரு பெயரை யாரோ ஜெர்மன் விக்கிப்பீடியாவில் செருகினார். மறுநாள் பெரிய நாளிதழ்கள் அந்தப் பெயரையும் சேர்த்தே அச்சிட்டன. விக்கிப்பீடியாவில் சிலர் சந்தேகம் எழுப்பியபோது, அங்கிருந்தே பெயரை எடுத்திருந்த செய்தித்தளம் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. பிழை தனக்குத் தானே சாட்சி சொல்லும் நிலை ஏற்பட ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன், 2005இல், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரின் ஆங்கில விக்கிப்பீடியா பக்கத்தில், அதிபர் ஜான் கென்னடி, அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி ஆகியோரின் கொலைகளில் அவருக்குத் தொடர்பிருப்பதாக ஐயப்பட்டார்கள் என்ற முழுப்பொய் 4 மாதங்களுக்கு மேல் கவனிக்கப்படாமல் இருந்தது. அதன்பிறகே வாழும் மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளுக்கென்று அங்கே தனிக் கொள்கை உருவானது. சர்ச்சைக்குரிய தகவலுக்குத் தக்க சான்று இல்லையென்றால், விவாதம் முடியும்வரை காத்திராமல் உடனே நீக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

வானொலிக்காரர்களின் குறிப்புகளில் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்? என் அனுபவத்தில் இதற்குக் காரணம், கேட்பவருக்கு அவர்களுடைய குரல் மிக நெருக்கமாகவும் வாழ்க்கை மிகத் தொலைவாகவும் இருப்பதுதான். நாள்தோறும் 3 மணி நேரம் ஒருவர் தன் வீட்டைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி, வழியில் பழுதான வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தால், அவரை நமக்கு முழுமையாகத் தெரியும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அவர் பேசியவற்றில் எவ்வளவு வாழ்க்கை, எவ்வளவு நிகழ்ச்சிக்காக எழுதிக்கொண்டது என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை. நான் சரிபார்த்துக்கொண்டிருந்தவரின் 'மனைவி' அப்படிப்பட்டவர்தான். காலை நிகழ்ச்சியில் அவர் அடிக்கடி மேற்கோள் காட்டும் அந்தப் பெண்மணி, எழுத்தாளர் ஒருவர் நிகழ்ச்சிக்காகப் படைத்த கதாபாத்திரம். அவருக்கு நிகழ்ச்சியில் ஒரு பெயரும் இருந்தது. அந்தப் பெயர் எந்தத் தயக்கமும் இல்லாமல் வாழ்க்கைக் குறிப்பின் தகவல் பெட்டியில் 'வாழ்க்கைத்துணை' என்ற இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

பெயர்களிலும் இதே குழப்பம் உண்டு. அமெரிக்க ஒலிபரப்பாளர் லாரி கிங்கின் இயற்பெயர் லாரன்ஸ் ஹார்வி சைகர். 1957இல் மயாமி பீச்சில் முதன்முதலாக ஒலிபரப்புக்கு உட்காரும் முன்னர்தான் நிலைய மேலாளரின் வற்புறுத்தலால் அவர் கிங் ஆனார். பிரிட்டிஷ் வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் பிறந்தபோது ஜான் ராபர்ட் பார்க்கர் ரேவன்ஸ்கிராஃப்ட். பீல் என்ற பெயர் 1967இல் ரேடியோ லண்டன் என்ற வானொலி நிலையத்தில் வந்து சேர்ந்தது. ஆகவே ஒரு தொகுப்பாளரின் பெயரைப் பள்ளிப் பதிவேட்டிலோ பழைய செய்தியிலோ தேடிக் காணாவிட்டால், அவர் அங்கே படிக்கவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அதே பெயருடைய வேறொருவர் அகப்பட்டால், அவர்தான் இவர் என்றும் எழுதிவிடக் கூடாது. இரண்டாவது தவறே ஆபத்தானது, ஏனென்றால் அதில் ஒரு அந்நியரின் திருமணமோ வழக்கோ இவர் கணக்கில் ஏறிவிடும். லாரி கிங் விஷயத்தில் எண்களைக்கூடக் கவனித்து எழுத வேண்டும்: அவர் 8 முறை மணந்தார், ஆனால் மனைவியர் 7 பேர்தான், ஏனெனில் ஒருவரை இரண்டு முறை மணந்தார். அவசரமாகச் சுருக்குபவர்கள் இந்த இடத்தில் தவறாமல் சறுக்குவார்கள்.

ஒலிபரப்புப் பெயரையும் ஆளையும் குழப்பிக்கொண்டதன் விலை வெறும் அச்சுப்பிழையோடு நிற்காமல் போனதும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிலிருந்து ஆங்கிலத்தில் பேசிய பல பெண்களுக்கும் சேர்த்து அமெரிக்கப் படைவீரர்கள் வைத்த பொதுப்பெயர் 'டோக்கியோ ரோஸ்'. அப்படி ஒரு தனி ஆள் கிடையாது. 'ஆர்ஃபன் ஆன்' என்ற பெயரில் ஒலிபரப்பிய ஐவா தொகுரி என்ற அமெரிக்கக் குடிமகளின் மேல் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1949இல் அவர் தேசத்துரோகக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு 6 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். 1977இல்தான் அதிபர் ஃபோர்டின் மன்னிப்பு கிடைத்தது.

அரசாங்க ஆவணம் இருந்தால் போதுமே என்று கேட்பவர்களுக்கு நான் வில்லியம் ஜாய்சைச் சொல்வேன். 'லார்ட் ஹா-ஹா' என்று அறியப்பட்ட நாஜி ஒலிபரப்பாளர் அவர். 1906இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், 1933இல் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது அயர்லாந்தின் கால்வேயில் பிறந்ததாக எழுதிக் கொடுத்தார். அந்தக் கடவுச்சீட்டு கையில் இருந்த காலத்தில் அவர் பிரிட்டிஷ் அரசுக்கு விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் முடிவு செய்து, தேசத்துரோகக் குற்றத்துக்காக 1946 ஜனவரியில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆவணம் உண்மையானது, முத்திரையும் உண்மையானது, அதில் எழுதியிருந்த பிறந்த ஊர் மட்டும் பொய். ஒரு தாளில் உள்ள தகவலை அந்தத் தாளுக்கு யார் கொடுத்தார் என்று கேட்காமல் சரிபார்ப்பு முடிவதில்லை.

என் 11 தளங்களுக்குத் திரும்புகிறேன். அந்த நாளும் மாதமும் எங்கிருந்து வந்தன என்பது நிகழ்ச்சியின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டபோது புலப்பட்டது. நிகழ்ச்சி தொடங்கிய நாளை ஆண்டுதோறும் கொண்டாடும் வழக்கம் அவர்களிடம் இருந்திருக்கிறது. அன்றைக்கு அவர் ஒலிவாங்கியின் முன் "இன்று எனக்குப் பிறந்தநாள்" என்பார், நேயர்கள் வாழ்த்துவார்கள். நிகழ்ச்சி பேசுவதாக அவர் சொன்னதை, அவரே பேசுவதாக யாரோ எடுத்துக்கொண்டார். ஆண்டோ பழைய நேர்காணல் ஒன்றிலிருந்து கழித்துப் பெறப்பட்டது. இந்தக் கழித்தல் கணக்கில் மிகப் பலர் தவறுகிறார்கள். 2004 ஜூன் 10 அன்று ஒருவருக்கு வயது 34 என்றால், அவர் 1969 ஜூன் 11க்கும் 1970 ஜூன் 10க்கும் இடையே பிறந்திருக்கலாம். 2004இல் 34ஐக் கழித்து 1970 என்று எழுதுபவர் பாதி வாய்ப்பைத் தூக்கி எறிந்துவிடுகிறார். அந்த நேர்காணல் வெளியாவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தால், கணக்கு இன்னும் நகரும். இதற்கு நெருங்கிய உறவு ஜனவரி 1. ஆண்டு மட்டும் தெரிந்த இடத்தில் சில தரவுத்தளங்கள் நாளையும் மாதத்தையும் காலியாக விட முடியாமல் ஜனவரி 1 என்று நிரப்புகின்றன. அதை எடுத்துப் போடும் அடுத்த தளம் அவருக்குப் புத்தாண்டு அன்றே பிறந்தநாளும் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. ஒரு குறிப்பில் ஜனவரி 1 என்று கண்டால் நான் முதலில் அதை நம்ப மறுத்துவிட்டுத்தான் தேடத் தொடங்குவேன். உண்மையாகவே அன்று பிறந்தவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

அண்மைக்காலத்தில் இந்த வேலைக்குப் புதிய தொல்லை ஒன்று சேர்ந்திருக்கிறது. பக்க வரலாறு, பதிவு செய்யாத பயனர், நள்ளிரவுத் திருத்தம் என்று தடயம் எதுவும் இல்லாமல், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரு வாழ்க்கைக் குறிப்பை அந்த நொடியிலேயே புனைந்து தருகின்றன. அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் மார்க் வால்டர்ஸ் 2023 ஜூனில், சாட்ஜிபிடி என்ற கருவியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனத்தின் மீது அவதூறு வழக்குத் தொடர்ந்தார். ஒரு பத்திரிகையாளர் வேறொரு வழக்கின் மனுவைச் சுருக்கித் தரும்படி சாட்ஜிபிடியிடம் கேட்டிருக்கிறார். அதுவோ, வால்டர்ஸ் ஓர் அமைப்பின் பொருளாளராக இருந்து பணத்தைக் கையாடினார் என்று அந்த மனு சொல்வதாக எழுதித் தந்தது. மனுவில் வால்டர்ஸ் பெயரே கிடையாது. அந்த அமைப்பில் அவர் அப்படிப்பட்ட பதவி எதையும் வகித்ததும் இல்லை. பத்திரிகையாளர் அதை நம்பாமல் விசாரித்துப் பார்த்தார், வெளியிடவில்லை. 2025 மே மாதத்தில் நீதிமன்றம் ஓபன்ஏஐக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பைக் கருவிக்குக் கிடைத்த நற்சான்றாக யாரும் படிக்க வேண்டாம். படித்தவர் நம்பி ஏமாறவில்லை என்பதும் அங்கே எடைபோடப்பட்ட காரணங்களில் ஒன்று. ஒரு விடை எவ்வளவு சரளமாக இருந்தாலும், அது சுட்டும் மூல ஆவணத்தை நீங்கள் திறந்து பார்க்கும்வரை உங்கள் கையில் இருப்பது வெறும் வாக்கியம்தான்.

சரி, எதை நம்பலாம்? சம்பந்தப்பட்டவர் தன்னைப் பற்றித் தானே எழுதியதை, அதில் தற்புகழ்ச்சியோ பிறரைப் பற்றிய கூற்றோ இல்லாத அளவில் ஏற்கலாம். தனது பிறந்த ஊரை அவர் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம். தன் முன்னாள் மனைவி ஏன் பிரிந்தார் என்று சொன்னால் அதை எழுதக் கூடாது, அது இன்னொருவரின் வாழ்க்கை. நிலையத்தின் இணையப் பக்கம் பணியில் சேர்ந்த ஆண்டுக்கும் நிகழ்ச்சிகளின் பெயருக்கும் உதவும். மற்றபடி அது விளம்பரம். பெயருடன் கூடிய செய்தியாளர் நேரில் பேசி எழுதிய நேர்காணல் இவற்றைவிட மேலானது. ஆனால் அந்தச் செய்தியாளரும் இணையத்திலிருந்து நிரப்பியிருக்கிறாரா என்று பார்க்க, அவர் தரும் பின்னணி வரிகளைத் தொகுப்பாளரின் நேரடிப் பேச்சிலிருந்து பிரித்துப் படிக்க வேண்டும். தொகுப்பாளரிடமே கேட்க வாய்ப்பிருந்தால், வரைவை அனுப்பி "இது சரியா?" என்று கேட்பதை நான் தவிர்ப்பேன். அவசரத்தில் இருப்பவர்கள் எதற்கும் சரி என்றுதான் பதில் எழுதுவார்கள். "உங்கள் முதல் ஒலிபரப்பு எது?" என்று திறந்த கேள்வியாகக் கேட்டு, வரும் விடையை வரைவோடு ஒப்பிடுவதே பயன் தரும்.

உண்மை என்று உறுதியானாலும் எழுதக் கூடாதவை உண்டு என்பதையும் இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. வங்கிக் கணக்கிலிருந்து தொலைபேசி இணைப்புவரை பல இடங்களில் ஆளை உறுதிசெய்ய முழுப் பிறந்த தேதியைத்தான் கேட்கிறார்கள். குரலில் மனம் ஒன்றிப்போய், வீடு தேடி வந்துவிடும் நேயர்களைச் சந்திக்காத தொகுப்பாளர்கள் குறைவு. பொதுவாழ்வில் இல்லாத பிள்ளைகளின் பெயர்களும், அவர்கள் படிக்கும் பள்ளியும், வீடு இருக்கும் பகுதியும் ஒரு வாழ்க்கைக் குறிப்புக்கு எந்தப் பெருமையையும் சேர்ப்பதில்லை. விக்கிப்பீடியாவின் விதியும் இங்கே நிதானமாகவே இருக்கிறது: முழுத் தேதி நம்பகமான மூலங்களில் பரவலாக வெளிவந்திருந்தாலோ, அவரே வெளிப்படையாகச் சொல்லி அதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை என்று கொள்ள முடிந்தாலோ மட்டும் தரலாம், சம்பந்தப்பட்டவர் ஆட்சேபித்தால் ஆண்டுடன் நிறுத்திக்கொள்வது நல்லது. நீதிமன்றப் பதிவுகளையும் பிற அரசுப் பதிவுகளையும் தோண்டி வாழும் ஒருவரைப் பற்றிய கூற்றுகளுக்கு ஆதாரமாக்குவதையும் அது தடுக்கிறது. பக்கத்துக்குரியவர் தானே இறங்கித் திருத்துவதைவிட, அந்தக் கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான உரையாடல் பக்கத்தில் ஆதாரத்துடன் கோரிக்கை வைப்பதையே அங்கே வரவேற்கிறார்கள். தங்கள் குறிப்பு தவறாக இருப்பதாக என்னிடம் வருந்தும் தொகுப்பாளர்களுக்கு நான் கூடுதலாகச் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் வெளியிட விரும்பும் அளவுக்கு மட்டும், தேதியிட்ட ஒரு சிறு குறிப்பை உங்கள் சொந்தப் பக்கத்தில் வையுங்கள். வெற்றிடம் இருந்தால் அதை நேயர்களே நிரப்புவார்கள்.

அந்தக் குறிப்பு கடைசியில் முதலில் வந்த அளவில் பாதியாக வெளியானது. மனைவியின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் நீங்கின. கல்லூரியின் எழுத்துப்பிழை திருந்தியது. பிறந்த தேதி இருந்த இடத்தில், நிகழ்ச்சி தொடங்கிய நாள் நிகழ்ச்சியின் பெயரோடு வந்தது. தொகுப்பாளரிடம் உண்மையான தேதியைக் கேட்டதற்கு, அது தன் தாயாருக்குத் தெரிந்தால் போதும் என்று எழுதியிருந்தார். அந்த 11 தளங்களுக்கும் திருத்தக் கடிதம் அனுப்பினேன். 2 தளங்கள் நீக்கின, ஒன்று நன்றி சொல்லிவிட்டு அப்படியே வைத்திருக்கிறது, மற்றவை பதிலே தரவில்லை. இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் அவருக்கு வாழ்த்துகள் குவிகின்றன. நிகழ்ச்சியின் சார்பில் நன்றி என்று அவர் ஒலிபரப்பில் சொல்கிறார். 'நிகழ்ச்சியின் சார்பில்' என்ற இரண்டு சொற்களை இப்போது கொஞ்சம் அழுத்தியே உச்சரிக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.