“எங்க குரூப்ல யாருக்கும் எதுவும் ஆகல டாக்டர்”

வளைகாப்பு முடிந்த பிறகு முதல்முறையாக என்னிடம் வரும் கர்ப்பிணிகள் சிலர், ஸ்கேன் வேண்டாம், இரும்புச்சத்து மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டே வருகிறார்கள். காரணம் கேட்டால், மருத்துவமனை வேண்டாம், வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாம் என்று பேசும் வாட்ஸ்அப் குழுவைச் சொல்வார்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு தம்பதி வீட்டிலேயே பிரசவம் பார்த்தது செய்தியானது. அவர்கள் இருந்த குழுவில் ஆயிரம் பேருக்கு மேல். 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் நடந்த பிரசவத்தில் தாய் இறந்தேபோனார்.

இந்தக் குழுக்களில் வரும் அனுபவங்களில் பெரும்பாலானவை பொய்யல்ல. பிரசவங்களில் அதிகமானவை யார் கைவைக்காவிட்டாலும் நல்லபடியாகவே முடியும். ஆனால் நூறில் ஐந்தாறு பேருக்குக் குழந்தை பிறந்தபின் அளவுக்கு மீறி ரத்தம் போகும். அவர்களில் பலருக்கு முன்கூட்டி எந்த அறிகுறியும் இருக்காது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்தபின் கருப்பை சுருங்கத் தவறினால் ஆம்புலன்ஸ் வரும்வரைகூடத் தாய் தாங்காமல் போகலாம்.

அப்படி அவதிப்பட்டவர் குழுவுக்குத் திரும்பிவந்து எழுதுவாரா? குற்றவுணர்வில் பேசாமல் வெளியேறிவிடுவார். எழுதினாலும், “நீங்க பயந்ததாலதான் அப்படி ஆச்சு” என்பார்கள். மறுத்துப் பேசுபவரை அட்மின் நீக்கிவிடுவார். மிச்சம் நிற்பது வெற்றிக் கதைகள் மட்டும். உள்ளே இருப்பவருக்கு ஆயிரம் பேரில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை என்றே தெரியும். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமெல்லாம் இதில் இல்லை.

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் சிலரை உட்காரவைத்து, கோடுகளில் எது சம நீளம் என்று கேட்டார். ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் முன்பே பேசிவைத்துத் தவறான விடையைச் சொன்னபோது, அப்படித் தனித்து நின்றவர்களில் பலர் கண்ணெதிரே விடை தெரிந்தும் அவ்வப்போது அதையே திருப்பிச் சொன்னார்கள். மற்றவர்களில் ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னதும் அந்தப் போக்கு கால்வாசியாகக் குறைந்தது. அட்மின் நீக்குவது அந்த ஒருவரைத்தான்.

எங்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் ஏறக்குறைய 64 சதவீதம் சிசேரியன். பிரசவ அறையில் வலியில் கத்தும் பெண்ணை அதட்டுவதும் நடக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆறுதலாக நாலு வார்த்தை கிடைக்கும் இடம் வாட்ஸ்அப் என்றால், கோபப்பட எனக்கு உரிமை குறைவு. டாக்டர்கள் குழுக்களும் லேசுப்பட்டவையல்ல. அங்கே இந்தப் பெண்களைக் கேலி செய்வதோடு பேச்சு முடிந்துவிடும்.

குழுவை விட்டு வா என்று நான் யாரையும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த முறை என்னிடம்தான் வரமாட்டார்கள். “இங்கே யாருக்காவது ரத்தப்போக்கு ஆகி மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்ததா?” என்று குழுவில் ஒரு கேள்வி மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். பதில் வருகிறதா, கேள்வி அழிக்கப்படுகிறதா, தனியாக யாராவது செய்தி அனுப்புகிறார்களா என்று கவனியுங்கள். இதே துணிச்சலோடு என்னிடமும் கேளுங்கள்: எனக்கு எதற்காக சிசேரியன், கொஞ்ச நேரம் பொறுத்தால் என்ன ஆகும், பிரசவ அறையில் அம்மா கூட இருக்கலாமா?