கூண்டில் நின்று கெஞ்சுவதும் குற்றத்தை ஒப்புக்கொள்வதும்

'பிளீட்' என்னும் ஆங்கில வினைச்சொல்லுக்கு மன்றாடு, கெஞ்சு என்ற பொருள்தான் பலருக்கும் தெரியும். குற்றவியல் நீதிமன்றத்தில் அதே சொல், சாட்டப்பட்ட குற்றத்துக்கு எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சொல்லும் பதிலைக் குறிக்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் தெரியாததால் எத்தனையோ பேர் அறியாமலேயே தண்டனை பெற்றவர்களாகிவிடுகிறார்கள் என்பதை வழக்கறிஞர் என்ற முறையில் தொடர்ந்து பார்த்து வருவதால் இதை எழுதுகிறேன்.

நடுவர் மன்றத்தில் பெட்டி கேஸ்கள் எனப்படும் சிறு வழக்குகள் எடுக்கப்படும் காலை நேரத்தில் பெயர் கூப்பிட்டதும் ஒருவர் கூண்டேறுகிறார். வழக்கின் சாரம் வாசிக்கப்படுகிறது. கைகட்டி நிற்கும் அவர், கேள்வி முடிவதற்குள், "தப்புதாங்க ஐயா, இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடுங்க" என்கிறார். அவரைப் பொறுத்தவரை அது கெஞ்சல். பதிவேட்டிலோ 'எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று ஏறி, அபராதத்துடன் தண்டனைத் தீர்ப்பாகிறது. ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேஸ் முடிந்தது என்ற நிம்மதியில் அவர் வீட்டுக்குப் போகிறார்.

சட்டம் கேட்கும் கேள்வியை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 274-ஆம் பிரிவின்படி, குற்றச்சாட்டின் விவரத்தைச் சொன்ன பிறகு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, அல்லது எதிர்வாதம் ஏதும் உண்டா என்று நடுவர் கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால், அடுத்த பிரிவின்படி, எதிரியின் சொற்களை இயன்றவரை அவர் சொன்னபடியே பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகும் தண்டிப்பது நடுவரின் விருப்புரிமைதான், கட்டாயமில்லை. பழைய சட்டத்திலும் இந்த ஏற்பாடு இருந்தது. 1960-களில் சென்னை மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற மகந்த் கௌசல்யா தாஸ் வழக்கில், ஒப்புதல் எதிரியின் சொற்களில் பதிவாகவில்லை என்பதற்காகவே தண்டனை ரத்து செய்யப்பட்டது. 'மன்னிச்சு விட்டுடுங்க' என்பது அப்படியே பதிவாகியிருந்தால், அது ஒப்புதலா வேண்டுகோளா என்று மேல்நீதிமன்றம் ஆராய முடியும். 'ஒப்புக்கொண்டார்' என்ற ஒற்றைச் சொல் அந்த வழியைக் கடினமாக்கிவிடுகிறது. ஏனெனில் ஒப்புதலின் பேரில் தண்டிக்கப்பட்டவர், தண்டனையின் அளவு அல்லது சட்டப்படியான தன்மை பற்றி மட்டுமே மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 416-ஆம் பிரிவு.

இதன் விளைவை மிகக் கடுமையாக அனுபவிப்பவர்கள் ஓட்டுநர்கள். சொந்தமாகச் சரக்கு ஆட்டோ ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பைக் ஒன்று குறுக்கே வந்து மோதி, அதில் வந்தவருக்குக் கால் முறிகிறது. கவனக்குறைவாக ஓட்டியதாக ஆட்டோக்காரர் மீது வழக்குப் பதிவாகிறது. "ஒத்துக்கோ, ஃபைனோட போயிடும், இல்லைன்னா வருஷக்கணக்கா அலையணும்" என்று யாரோ யோசனை சொல்ல, அவரும் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுகிறார். பிறகு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அந்தத் தீர்ப்பு நகலே அவருக்கு எதிரான சான்றாவணமாகத் தாக்கலாகிறது. அந்த ஒப்புதல் மட்டுமே முடிவான சாட்சியம் ஆகாது, அவர் விளக்கம் சொல்லலாம். ஆனால் தன் வாயால் சொன்னதைத் தானே மறுக்கும் நிலையில் அவர் நிற்கிறார். வண்டியின் காப்பீடு காலாவதியாகியிருந்தால் லட்சக்கணக்கான இழப்பீட்டுத் தொகை அவர் தலையில்தான் விழும்.

அரசு வேலைக்கு முயலும் இளைஞர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறைப் பணி விதிகள், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையே குற்றவழக்கில் சம்பந்தப்பட்டவராகக் கருதுகின்றன. அப்படியிருக்க, ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக விண்ணப்பத்தில் மறைக்கவும் கூடாது. மறைத்ததே வேலை பறிபோகக் காரணமாகலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டு அவ்தார் சிங் தீர்ப்பிலிருந்து தெளிவு. பாஸ்போர்ட் பற்றிய பயம் மட்டும் தேவையற்றது. ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக, விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவருக்கே முன்தண்டனையைக் காட்டிப் பாஸ்போர்ட்டை மறுக்க முடியும். சிறு அபராதம் அதில் சேராது.

கூண்டில் பதில் சொல்லாமல் நின்றால் நடுவர் கோபித்துக்கொள்வாரோ என்று பலர் அஞ்சுகிறார்கள். மௌனம் ஒப்புதல் ஆகாது. வழக்கு விசாரணைக்குப் போகும், குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பிடமே இருக்கும். உரிமையியல் (சிவில்) வழக்கில் நிலைமை நேர் எதிரானது. அங்கே 'பிளீடிங்' என்பது வாதியும் பிரதிவாதியும் எழுத்தில் தாக்கல் செய்யும் வழக்குரையும் எதிர்வழக்குரையும். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, வாதி சொன்னதைக் குறிப்பாக மறுக்காமல் விட்டால் அது ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும். ஆகவே சிவில் சம்மனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

செய்யாத குற்றமென்றால், "நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஐயா" என்று சொன்னால் போதும். வழக்கு விவரம் புரியவில்லை என்றாலோ, வழக்கறிஞரைப் பார்க்க அவகாசம் வேண்டும் என்றாலோ, அதையும் அங்கேயே கேட்கலாம். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள், 15100 என்ற இலவச எண்ணிலோ நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ உதவி கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் வழக்கறிஞர் கிடைப்பார்.

உண்மையிலேயே தவறு செய்தவர் ஒப்புக்கொள்வதை நான் தடுப்பதில்லை. ஆனால் ஒப்புக்கொள்ளும் அன்றே, 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி தன்னைக் கண்டித்தோ நன்னடத்தைப் பிணையின் பேரிலோ விடுவிக்குமாறு அவர் வழக்கறிஞர் மூலம் கேட்க வேண்டும். மன்றாட வேண்டிய இடம் அதுதான். அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பையும் நீக்குகிறது. அபராதம் கட்டிவிட்டு வந்த பிறகு இதைக் கேட்க வருபவர்களுக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை.