வாயாங் பாட்டும் சுருதிக் கோடும்

சிங்கப்பூரில் குரல் சிகிச்சை என் தொழில். கான்டனீஸ் இசைநாடகம் பயிலும் ஒரு கல்லூரி மாணவி தொண்டை கம்மிப்போய் வந்தாள். (இங்கே சீன நாடகம் எதுவானாலும் நாம் வாயாங் என்போம்.) பேசிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்து வீட்டில் பயிற்சி செய்திருக்கிறாள். ஒரு சோகப் பாட்டில் இரண்டு சுரங்களை மட்டும் செயலி எப்போதும் சிவப்பாகவே, அதாவது தப்பு என்றே காட்டியது. அதைப் பச்சையாக்க மணிக்கணக்கில் கழுத்தை இறுக்கிப் பாடியிருக்கிறாள்.

அவள் பாடியது சரி. அந்தப் பாட்டு யீ-ஃபான் என்ற, சோகத்துக்கான சுர முறையில் அமைந்தது. அதில் ஃபான் என்ற சுரம் நம் சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் நடுவே நிற்கும். யீ, கைசிகி நிஷாதத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் நடுவே. செயலியோ ஒரு ஸ்தாயியைப் பியானோ போலப் பன்னிரண்டு சம பங்காக, ஒவ்வொன்றும் 100 சென்ட் (சுர இடைவெளியின் அளவு) என்று வெட்டி வைத்திருக்கிறது. யீ-ஃபானின் துயரமே தங்கியிருக்கும் இடம் அந்தக் கட்டத்தில் கிடையாது. ஆசிரியரே பாடினாலும் சிவப்புதான் வரும்.

அதற்காகக் கருவியைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். அதே மாணவிக்கு அது பெரிய உதவியும் செய்தது. கான்டனீஸில் ஆறு தொனிகள். 'ஸி' என்பதை உச்சத்தில் நிறுத்திச் சொன்னால் கவிதை, மேல்நோக்கி ஏற்றினால் வரலாறு. மெட்டும் இந்தத் தொனியை ஒட்டியே நடக்கும். 1979இல், மற்ற சீன மொழிகளுக்குப் பதில் மாண்டரின் பேசச் சொல்லும் இயக்கம் தொடங்கிய பிறகு வளர்ந்த பலருக்கு கான்டனீஸ் பாட்டி பேசும் மொழியாகிவிட்டது, இவளுக்கும் அப்படித்தான். "அந்தச் சொல் வரவில்லை" என்று அவளுடைய சிஃபூ (நாடக ஆசிரியர்) பல வாரமாகச் சொல்லியும், எது வரவில்லை என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

குரல் தேறியதும் இருவரையும் பாடவைத்துப் பதிவு செய்தேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்ற இலவச மென்பொருளில் இருவரின் சுருதிக் கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். சிஃபூவின் கோடு கீழே தொடங்கி வளைந்து சுரத்துக்கு ஏறியது. இவளுடையது சுரத்திலேயே நேராகத் தொடங்கியது. சுரம் சரி, சொல் தப்பு. பார்த்த உடனே, "ஓ, கீழேயிருந்து வரணுமா?" என்று கேட்டுப் பாடிக் காட்டினாள். சிஃபூ தலையசைத்தார்.

ஆகவே பயில்பவர்களுக்கு நான் சொல்வது: பியானோ கட்டத்தை அணைத்துவிடுங்கள். உங்கள் சிஃபூவின் பதிவே அளவுகோல். மென்பொருளில் சுருதியின் மேல் எல்லை பேச்சுக்கு ஏற்ப 500, 600 ஹெர்ட்ஸில் இருந்தால் 1000க்கு மேல் உயர்த்துங்கள். இல்லாவிட்டால் பெண் வேடக் குரலில் கோடு திடீரென ஒரு ஸ்தாயி கீழே விழும், அல்லது காணாமலே போகும். பக்கவாத்தியத்தைக் காதொலிப்பானில் மட்டும் கேளுங்கள். காவ்ஹு வில்வாத்தியம் குரலை ஒட்டியே, ஆனால் தனக்கான நகாசுகளோடு வாசிப்பதால் கோடு எதைப் பின்தொடர்வது என்று தடுமாறும். அப்புறம், பாடும்போது திரையைப் பார்க்கவே வேண்டாம். பாடி முடித்துக் காதால் கேட்டு, சந்தேகம் வந்த சொல்லை மட்டும் பாருங்கள்.

பாடியபின் தொண்டை வலித்தால் அன்றைக்குப் பயிற்சியை நிறுத்துங்கள். கம்மல் இரண்டு மூன்று வாரத்தில் போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் காட்டுங்கள்.