இடிந்த வீட்டின் அடையாளம்

இங்கிலாந்தில் இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். லங்காஷயரில் ஹாஸ்லிங்டன் கிரேன் என்ற பள்ளத்தாக்கில் பாழடைந்த பண்ணை வீடுகளைப் பார்க்கப் போனாராம். மேலே மரமே இல்லாத மேட்டுநிலம். எங்கும் முரட்டுப் புல்லும் சதுப்பும்தான். இடிந்த சுவர்களை ஒட்டி மட்டும் இடுப்பளவு உயரத்துக்கு நெட்டில் செடி. நம் ஊர் செந்தட்டி மாதிரி, தொட்டால் எரியும். "ஆள் வாழாத இடத்தில் அப்படித்தான் முளைக்கும்" என்று கூட வந்தவர் சொன்னாராம். உண்மையா என்பது கேள்வி.

நேர்மாறு. ஆள் வாழ்ந்த இடம் என்பதால்தான் அது முளைக்கிறது.

கிரேனில் இருந்தவர்கள் கொஞ்சம் மாடு வளர்த்தார்கள், வீட்டிலேயே கைத்தறி நெய்தார்கள். பக்கத்து மஸ்பரி குன்றில் கல் குவாரி ஓடியது. அதன் நீராவி எந்திரப் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. விசைத்தறி வந்து கைத்தறியைச் சாய்த்தது. பிறகு பள்ளத்தாக்கில் குடிநீருக்காக மூன்று நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். கடைசியானது 1912இல் முடிந்த ஆக்டன். ஊர் காலியானது.

சரி, செடிக்கு வருவோம். வீடு இருந்தால் சாம்பல், எலும்பு, சாணம், சிறுநீர், எச்சில் சோறு எல்லாம் வாசலைச் சுற்றித்தான் விழும். அதில் தழைச்சத்தும் உண்டு, மணிச்சத்தும் உண்டு. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், நிலைக்காது. நைட்ரேட்டாக மாறி மழையில் கரைந்து ஓடும். இல்லாவிட்டால் வாயுவாகிக் காற்றில் கலக்கும். மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு, காற்று வழி கிடையாது. நீர் வழியும் ஏறக்குறைய அடைபட்டதுதான். மண்ணில் பாஸ்பரஸ் பாஸ்பேட் என்ற வடிவில் இருக்கும். பாஸ்பேட் அயனி எதிர்மின் சுமை கொண்டது; அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியம் பிடித்துக்கொள்ளும். விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

ஒரு மனிதர் ஆண்டுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ பாஸ்பரஸை வெளியேற்றுகிறார். ஆறு பேர் குடும்பம் நூறு ஆண்டு வாழ்ந்தால் 300 கிலோ. அதில் பாதி வயலுக்கு எருவாகப் போயிருந்தாலும் மிச்சம் கொல்லையில்தான். மாடுகளின் கணக்கு தனி, அது இன்னும் பெரிது.

நெட்டில் இந்தச் சத்துக்குப் பேராசை பிடித்த செடி. காட்டு மண்ணில் அதன் நாற்றுகளுக்குத் தழைச்சத்து மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள்; அவை தேறவில்லை. பாஸ்பேட் கொடுத்ததும் கிளம்பிவிட்டன. அடுப்புச் சாம்பலும் உதிர்ந்த சுண்ணாம்புக் காரையும் மேட்டுநில மண்ணின் புளிப்பைக் குறைத்து அதற்கு இன்னும் வசதி செய்கின்றன. ஆடுகள் பச்சை நெட்டிலைப் பெரும்பாலும் தொடுவதில்லை. செடி எடுத்த சத்து, அது மட்கியதும் அதே மண்ணுக்குத் திரும்புகிறது. வட்டியைத் தின்று முதலைத் தொடாத கணக்கு.

எனக்கு இதில் மிகப் பிடித்தது, பழைய குடியிருப்புகளைத் தேட மண்ணில் உள்ள பாஸ்பேட் உதவும் என்பது தெரியவந்த விதம். ஸ்வீடனில் ஓலோஃப் அர்ரேனியஸ் என்ற வேதியியலாளர், 1903இல் நோபல் பரிசு வாங்கிய ஸ்வாந்தே அர்ரேனியஸின் மகன், சர்க்கரைக்கிழங்கு பயிரிட ஏற்ற நிலம் எது என்று மண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தார். பாஸ்பேட் எங்கெல்லாம் எகிறியதோ அங்கெல்லாம் பழைய குடியிருப்பு இருந்தது. தேடியது சர்க்கரை, கிடைத்தது தொல்லியல். ஆய்வு நிதி கேட்பவரிடம் "இதனால் என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே எழுதி வாங்குபவர்களுக்கு இதைச் சொல்ல ஆசை.

களத்தில் செய்யும் சோதனை இன்னும் அழகு. வடிதாளில் சிட்டிகை மண் வைத்து, அமிலத்தில் கரைத்த அம்மோனியம் மாலிப்டேட் சில சொட்டு விடுவார்கள். அப்புறம் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி கரைசல். பாஸ்பேட் இருந்தால் மண்ணைச் சுற்றி நீலம் படரும். எவ்வளவு அடர்ந்த நீலமோ அவ்வளவு பாஸ்பேட்.

வாசகருக்கு ஒரு யோசனை. அடுத்த முறை போகும்போது நெட்டில் எந்தப் பக்கம் அதிகம் அடர்ந்திருக்கிறது என்று பாருங்கள். தொழுவமும் குப்பைக் குழியும் அந்தப் பக்கம் இருந்திருக்கலாம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.