பி-கோடு: நுரையீரல் மீயொலிப் படத்தில் தோன்றும் நெடுங்கீற்று

அறுவை சிகிச்சையின்போது சிரைவழியே ஏற்றப்படும் நீர்மம் அளவு மிகுந்து நுரையீரலில் தேங்கத் தொடங்கிவிட்டதா என்பதை அறிய, மயக்கவியல் மருத்துவர்கள் நோயாளியின் மார்பின்மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துத் தேடும் அடையாளத்தின் பெயர் பி-கோடு. திரையில் அது நுரையீரல் உறையிலிருந்து புறப்பட்டு, ஒளி மங்காமல் படத்தின் அடிவரை இறங்கி, மூச்சோடு சேர்ந்து அசையும் வெண்ணிறக் கீற்றாகத் தெரியும்.

கருவியின் பெயருக்குத் தமிழில் குழப்பமில்லை. அல்ட்ரா என்னும் இலத்தீன் முன்னொட்டு ‘அப்பால்’ என்று பொருள்படும். மீமிசை, மீக்கூற்று முதலிய சொற்களில் உயர்வைக் குறிக்கும் ‘மீ’ அதற்குப் பொருந்துவதால் மீயொலி என்பது நல்ல ஆக்கம். ‘கேளா ஒலி’ என்பதும் வழக்கில் உண்டு; ஆனால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள குற்றொலியும் நம் காதுக்குக் கேளாததே என்பதால், 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை மட்டும் சுட்ட மீயொலியே தகும்.

பி-கோட்டின் வரலாறு சற்றுச் சிக்கலானது. உடலுக்குள் தங்கிய துப்பாக்கிச் சன்னத்தின் பின்னே தெரிந்த ஒளிவாலுக்கு 1982 இல் ‘வால்மீன் வால்’ என்று பெயரிட்டனர். பிரெஞ்சு நாட்டுத் தீவிர சிகிச்சை மருத்துவர் டானியேல் லிக்டென்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 1997 இல் நுரையீரலின் இடைத்திசு (காற்று நுண்ணறைகளைச் சூழ்ந்து தாங்கும் மெல்லிய திசு) நோய்க்கு அதே தோற்றத்தை அடையாளமாகக் காட்டினர். நுரையீரல் படத்தில் பலவகைக் கோடுகள் இருந்தமையால், அவற்றை வேறுபடுத்த ஆங்கில எழுத்துகள் பெயர்களாயின. எக்ஸ்ரே படத்தில் கதிரியக்க மருத்துவர் கெர்லி கண்ட ‘பி கோடுகள்’ இவையல்ல. அவை குறுகியவை, கிடையாகக் கிடப்பவை. எழுத்து ஒன்றாக இருப்பதால் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்பே.

காற்று நிறைந்த நுரையீரல் மீயொலியை ஏறத்தாழ முழுவதுமாகத் திருப்பி அனுப்பிவிடும். அவ்வொலி உறைக்கும் கருவிக்கும் இடையே மீண்டும் மீண்டும் மோதுவதால், உறையின் பிம்பம் சம இடைவெளியில் கிடைக்கோடுகளாக அடுக்கப்படுகிறது, அது ஏ-கோடு. இடைத்திசுவில் நீர் கசிந்து, காற்றும் நீரும் நுண்ணிய அளவில் கலந்து நிற்கும் இடங்களில் ஒலி சிக்கி அதிர்ந்து நெடுங்கீற்றாகிறது. அது ஏ-கோட்டை அழித்துவிடும். இரண்டுமே உறுப்பின் உருவம் அல்ல, பொய்த்தோற்றங்களே. ஆயினும் உண்மையைச் சொல்லும் பொய்த்தோற்றங்கள் என்பதுதான் இவற்றின் சிறப்பு.

நீர் முதலில் இடைத்திசுவையும் பிறகே காற்று நுண்ணறைகளையும் அடைவதால், இரத்த ஆக்சிஜன் அளவு குறையுமுன்னரே பி-கோடுகள் தோன்றக்கூடும். மயக்கத்தில் இருப்பவர் மூச்சுத்திணறலைச் சொல்ல இயலாது. செயற்கைச் சுவாசத்தில் கூடுதலாகத் தரப்படும் ஆக்சிஜனும் குறையை மறைத்துவிடும். புரோஸ்டேட் சுரப்பியைச் சிறுநீர்வழியே சுரண்டி எடுக்கும்போதும், கருப்பை அகநோக்கியின்போதும், கழுவுநீர் இரத்தத்தில் ஈர்க்கப்படுவதால் இவ்வடையாளத்தின் மதிப்பு மேலும் கூடுகிறது. ஒரு விலாவிடையில் (இரு விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட வெளியில்) பி-கோடுகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் மிகுதி எனக் கொள்வர். மயக்கத்தின்போது நுரையீரலின் கீழ்ப்பகுதி சுருங்கினாலும் பி-கோடுகள் வரும் என்பதால், அறுவைக்கு முன்பே ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்து, பின்னர் முன்மார்பில் புதிதாகத் தோன்றுபவற்றை ஒப்பிடுவதே முறை.

தமிழ்ப்பெயர் என்றதும் பலருக்கு ‘நீர்க்கோடு’ தோன்றும். அதை நான் ஏற்கவில்லை. நுரையீரல் அழற்சியிலும் நார்த்திசு நோயிலும் இதே கீற்றுகள் தெரிகின்றன. நோயறிதலைப் பெயருக்குள்ளேயே முடித்துவிடும் சொல், அவசர நேரத்தில் நீர்நீக்கி மருந்தின் பக்கம் கையைத் தவறாகச் செலுத்திவிடக்கூடும். ‘வால்மீன் வால்’ அழகிய பெயர்தான், எனினும் உறைக்கு மேலிருந்து கிளம்பும் வால்களும் குறுகி மறையும் வால்களும் அதில் அடங்கிவிடுகின்றன. காணும் வடிவை மட்டும் சொல்லும் ‘நெடுங்கீற்று’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. ஒளிக்கீற்று என்னும் சொல்லில் உள்ள மெல்லிய நீட்சியும் ஒளிர்வும் அதில் நிற்கின்றன. ஏ-கோட்டைக் கிடைக்கோடு எனலாம். மருத்துவக் குறிப்பேட்டில் ‘வலது முன்மார்பு, இரண்டாம் விலாவிடை: நெடுங்கீற்று நான்கு, அறுவைக்கு முன் இல்லை’ என்று எழுதினால், அடுத்துப் பொறுப்பேற்கும் மருத்துவர், முன்பிருந்தவர்கள் எதைக் கண்டார்கள், எப்போது கண்டார்கள் என்பதை ஒரே வரியில் அறிந்துகொள்வார்.