பிரைமரி டிபேட்: 'முதன்மை விவாதம்' என்று எழுதலாமா?

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் அக்கா மகன் ஒருநாள் செய்தித்தாளை நீட்டிக் கேட்டான்: "மாமா, அமெரிக்காவுல முதன்மைத் தேர்தல் முடிஞ்சிருச்சுன்னு போட்டிருக்கு. அப்போ அதிபர் யாரு?" அது நவம்பரில்தான் தெரியும், இது 'பிரைமரி', ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் என்றேன். "அப்புறம் எதுக்கு இதை முதன்மைன்னு போடுறாங்க?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறவர்களுக்கு முதலில் வருவது முதல்நிலைத் தேர்வு. அதில் வடிகட்டியவர்கள் எழுதுவதுதான் முதன்மைத் தேர்வு. அவன் கணக்குப்படி முதன்மைத் தேர்தல் முடிந்துவிட்டால் இனிப்பு கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அரசாங்கத் தமிழிலேயே 'பிரைமரி'க்குச் சரியான வழக்கு இருக்கிறது. பிரைமரி ஸ்கூல் தொடக்கப் பள்ளி. பிரைமரி ஹெல்த் சென்டர் ஆரம்ப சுகாதார நிலையம். உரக்கடன் வாங்கப் போகும் இடம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். இதில் ஒன்றிலும் 'முதன்மை' கிடையாது. அந்தச் சொல் முதன்மைச் செயலாளருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் போகிறது, அதாவது தலைமையில் இருப்பவர்களுக்கு. அமெரிக்கச் செய்தி என்றதும் நமக்குக் கை மாறி விழுந்துவிடுகிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'முதல்' என்று பொருள்படும் 'பிரிமுஸ்'. அதிலிருந்து 'பிரிமாரியுஸ்'. வரிசையில் முதலாவது, தகுதியில் முதலாவது என்ற இரண்டு பொருளும் அதற்குள் உண்டு. குழப்பத்தின் விதை அங்கேயே இருக்கிறது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒரு வட்டாரத்துக் கட்சிக்காரர்கள் கூடி, மேல்மட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பும் அடிமட்டக் கூட்டத்தைத்தான் 'பிரைமரி' என்றார்கள். ஏணியின் முதல் படி, அவ்வளவுதான். கூட்டத்தை ஊர்ப் பெரிய தலைகள் வளைத்துப் போட்டுக்கொண்டதால், அதை எடுத்துவிட்டு மக்களே நேரடியாக வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 1903-இல் விஸ்கான்சின் அதை மாநிலம் முழுமைக்கும் சட்டமாக்கியது. இருந்தும் அதிபர் வேட்பாளரை வெகுகாலம் மாநாட்டுப் புள்ளிகளே முடிவு செய்தார்கள். 1968-இல் அன்றைய துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் நிற்காமலே ஜனநாயகக் கட்சி வேட்பாளராகிவிட்டார். அந்த ஆண்டு சிகாகோ மாநாட்டுக்கு வெளியே நடந்த அடிதடிக்குப் பிறகுதான் விதிகளைத் திருத்தினார்கள்; 1972 முதல் பிரைமரிகளின் கை ஓங்கியது.

நம்மூரில் இதற்கு நேரான வழக்கம் இல்லை. கட்சி அலுவலகத்தில் கட்டணம் கட்டி விருப்ப மனு வாங்குவார்கள், தலைமை நேர்காணல் நடத்தும், பட்டியல் வரும். வாக்காளர் அந்தப் பட்டியலைப் படிக்கத்தான் முடியும். வழக்கம் இல்லாத ஊரில் சொல் இல்லாமல் போனதில் வியப்பில்லை.

அடுத்தது 'டிபேட்'. பழைய பிரெஞ்சு மொழியில் அடிப்பதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நாமும் 'அடிச்சுப் பேசுறான்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். விவாதம் வடமொழி வழி வந்தது. சொற்போர் என்றும் எழுதுகிறோம். பட்டிமன்றம் என்றே எழுதினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். அழகான சொல், பழைய சொல்லும்கூட. 'பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்று மணிமேகலை விழாக்காலத்து வாதிகளை அழைக்கிறது. ஆனால் பட்டிமன்றத்தில் இரண்டு அணி உண்டு, கடைசியில் நடுவர் தீர்ப்பும் உண்டு. 2019 ஜூனில் மயாமியில் நடந்த ஜனநாயகக் கட்சி விவாதத்தில் பேசியவர்கள் 20 பேர், இரவுக்குப் பத்துப் பேராக இரண்டு இரவு. பதிலுக்கு 60 வினாடி. நெறியாளர் கேள்வி கேட்பார், நேரம் முடிந்தால் குறுக்கிடுவார், தீர்ப்புச் சொல்ல மாட்டார். அதனால் விவாதமே போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிரைமரி விவாதத்தில் நிற்பவர்கள் எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கொள்கையில் பெரிய வேறுபாடு இருக்காது; இருந்தாலும் பார்க்கிறவருக்குப் பிடிபடாது. அப்படியானால் எதை வைத்து ஒருவரிடமிருந்து இன்னொருவரைப் பிரித்துக் காட்டுவது? வயது கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் இந்த மேடையில் தலைமுறைப் பேச்சு இவ்வளவு அடிபடுகிறது. எதிர்க்கட்சியோடு மோதும் நவம்பர் தேர்தலுக்கான விவாதங்களில் அதற்கு இவ்வளவு இடம் கிடைப்பதில்லை.

பொதுவில் நினைவுக்கு வரும் பழைய உதாரணம் 1984 மார்ச் 11, அட்லாண்டா. ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட செனட்டர் கேரி ஹார்ட்டுக்கு வயது 47. 'புதிய சிந்தனைகள்' என்பதே அவர் சேதி; நகரத்து இளம் சம்பளக்காரர்கள் பின்னால் திரண்டார்கள். எதிரே 56 வயது வால்டர் மான்டேல், தொழிற்சங்கங்களின் ஆள். உங்கள் புதிய சிந்தனைகளைக் கேட்டால் எனக்கு அந்த விளம்பரம் ஞாபகம் வருகிறது என்று ஆரம்பித்து, "இறைச்சி எங்கே?" என்று முடித்தார். அது வெண்டிஸ் பர்கர் கடையின் தொலைக்காட்சி விளம்பரம். மூன்று பாட்டிகள் ஒரு பெரிய பன்னைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே காசளவு இறைச்சி. ஒரு பாட்டி கரகரத்த குரலில் கத்துவார். நம் பேச்சில் சொன்னால், 'இலை பெருசா இருக்கு, சோறு எங்கேய்யா?' அரங்கம் சிரித்தது. இளமையும் புதுமையும்தான் ஹார்ட்டின் பலம். அதையே வெறும் பன்னாக்கிவிட்டார் மான்டேல். அதுவும் ஒரு கிழவியின் குரலை இரவல் வாங்கி. கட்சி வேட்பாளராகவும் அவரே வந்தார்.

மயாமிக்குத் திரும்புவோம். ஜூன் 27, இரண்டாம் இரவு. 38 வயது எரிக் ஸ்வால்வெல் ஒரு கதை சொன்னார். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது கலிபோர்னியா மாநாட்டுக்கு ஓர் அதிபர் வேட்பாளர் வந்தார், சுடரைப் புதிய தலைமுறையிடம் ஒப்படைக்கும் நேரம் வந்துவிட்டது என்றார், அவர்தான் அன்றைய செனட்டர் ஜோ பைடன். அதே மேடையில் நின்ற 76 வயது பைடன் பல் தெரியச் சிரித்தார். சுடர் இன்னும் என் கையில்தான் இருக்கிறது என்று பதில் வந்தது.

இந்தச் 'சுடரை ஒப்படை' என்ற ஒரே தொடர் மூன்று காதுகளில் மூன்று விதமாக விழுந்திருக்கும். எழுபதைத் தாண்டியவருக்கு அது 1961-இல் கென்னடி பதவியேற்றபோது பேசிய வரி. நடுவயதுக்காரருக்கு அரசியல்வாதிகள் எப்போதும் சொல்லும் வாய்ப்பாடு. இருபது வயதுக்காரருக்கு 'கிளம்புங்க தாத்தா'. தமிழில் 'வழிவிடுங்கள்' என்று பெயர்த்தால் மூன்றாவது பொருள் மட்டும் தங்கும், கென்னடி போய்விடுவார். ஸ்வால்வெல் பத்து, பதினோரு நாளில் போட்டியிலிருந்து விலகிவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல வசனம் வாக்காகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஹூஸ்டன் மேடை. பிள்ளைகள் காதில் நிறையச் சொற்கள் விழ வேண்டும், இரவில் ரெக்கார்டு பிளேயரைப் போட்டு வையுங்கள் என்றார் பைடன். அவர் சொல்ல வந்த கருத்து மொழி வளர்ச்சி பற்றியது. காதில் விழுந்ததோ ரெக்கார்டு பிளேயர். இணையத்து இளவட்டம் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்துத் தீர்த்தது. சேதியை விட அது ஏறி வந்த வண்டிதான் சில சமயம் வயதைக் காட்டிக் கொடுக்கிறது.

'மெடிகேர்' என்ற சொல்லைப் பாருங்கள். 1965-இல் வந்த திட்டம், பெரும்பாலும் 65 வயதானவர்களுக்கான மருத்துவக் காப்பீடு. அதே போட்டியில் இருந்த செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் 'எல்லாருக்கும் மெடிகேர்' என்றபோது, கல்விக்கடனோடு காப்பீட்டுத் தவணையும் கட்ட முடியாமல் திணறும் இளைஞருக்கு அது 'எனக்கும் கிடைக்கும்' என்று கேட்டது. ஏற்கெனவே அட்டை வைத்திருக்கும் முதியவர்களில் சிலருக்கு 'என் வரிசையில் கூட்டம் சேரப்போகிறது' என்று கேட்டிருந்தால் அவர்களையும் குறை சொல்ல முடியாது.

2023 நவம்பரில் குடியரசுக் கட்சி விவாதத்திலும் இதே கதை. அன்றும் இடம் மயாமி. ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியில் கை வைக்க வேண்டியிருக்கும் என்றார் நிக்கி ஹேலி. இப்போது வாங்குபவர்களுக்கு ஒன்றும் ஆகாது, இருபதுகளில் இருப்பவர்களுக்கு ஓய்வு வயது விதியை மாற்றுவோம் என்றார். 1960-இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வூதிய வயது ஏற்கெனவே 67. கிறிஸ் கிறிஸ்டி தன் 30 வயது மகன் அரங்கில் உட்கார்ந்திருப்பதைக் காட்டி, இவனால் சில வருடம் கூடுதலாகச் சமாளிக்க முடியாதா என்று கேட்டார். மூத்தவர்களுக்கு ஆறுதல், செலவுக் கணக்கு மகன் பெயரில். பிரைமரியில் இளையவர்களைவிட மூத்தவர்களே அதிகம் வாக்களிக்கிறார்கள் என்பது மேடையில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும்.

பேசுபவர் இளையவர் என்றால் இளைஞர் வாக்கு விழும் என்ற கணக்கும் பல சமயம் தப்புகிறது. 2020-இல் இளைஞர்கள் மொய்த்தது 78 வயது சாண்டர்ஸை. 38 வயது பீட் பூட்டிஜெஜுக்குக் கைகொடுத்தவர்களில் மூத்தவர்கள் நிறைய. கண்ணியமாகப் பேசும் பிள்ளை என்று பெரியவர்களுக்குப் பிடித்துப்போயிருக்கலாம், எந்தக் கல்யாண வீட்டிலும் அப்படி ஒரு பையன் இருப்பான்.

'தலைமுறை' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு அது வம்சக் கணக்கு: தாத்தா, அப்பா, பிள்ளை. 'ஏழு தலைமுறைக்குச் சொத்து' என்கிறோம். அமெரிக்கர்கள் சொல்வது பிறந்த ஆண்டுக் கட்டு. 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள் பூமர், 1981 முதல் 1996 வரை மில்லேனியல், அதற்குப் பின் ஜென் இசட். இந்தக் கணக்கில் 1942-இல் பிறந்த பைடனும் 1941-இல் பிறந்த சாண்டர்ஸும் பூமர்களே அல்லர், அவர்களுக்கு முந்தியவர்கள். நம்மூரிலோ 'பூமர் அங்கிள்' ஆவதற்குப் பிறந்த ஆண்டு தேவையில்லை. காலையில் வாட்ஸ்அப்பில் அறிவுரை அனுப்பினால் போதும்.

'மெசேஜ்' என்பதற்குச் செய்தி என்று எழுதினால் நாளிதழ்ச் செய்தியோடு கலந்துவிடுகிறது. முழக்கம் என்றால் வெறும் கோஷம். 'சேதி' எனக்குப் பிடிக்கிறது. யாருக்கோ சொல்லியனுப்புவது என்ற தொனி அதில் இருக்கிறது.

கடைசியாக, தமிழில் என்ன எழுதுவது? முதல்கட்டத் தேர்தல் ஆகாது. நம் வாசகர் முதல்கட்ட வாக்குப்பதிவு என்றே படிப்பார். முதல்நிலைத் தேர்தல் பரவாயில்லை, வரிசையைச் சொல்கிறது. ஆனால் ஒரே கட்சிக்குள் நடப்பது தெரியவில்லை. உட்கட்சித் தேர்தல் என்றால் கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர் தேர்தல். ஆகவே என் தெரிவு 'உட்கட்சி வேட்பாளர் தேர்தல்', 'உட்கட்சி வேட்பாளர் விவாதம்'. சில மாநிலங்களில் கட்சி சாராதவர்களும் வாக்களிக்கலாமே என்று ஒருவர் மடக்கக்கூடும். வாக்களிப்பவர் யாராக இருந்தாலும் மேடையில் நிற்பவர்கள் ஒரு கட்சிக்காரர்கள்தான். தலைப்பில் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை என்று உதவி ஆசிரியர் கையைப் பிசைந்தால், 'பிரைமரி' என்றே போட்டுவிட்டு முதல் பத்தியில் விளக்கட்டும். அக்கா மகனுக்கும் அதில் ஆட்சேபணை இல்லையாம்.